44 வயதில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு: நினைவை விடுங்கள், கையைப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 44 வயது. 23 வருடங்களுக்கு முன்பு பி.ஏ. தமிழ் முடித்தவர், போன வருடம் ஊட்டியில் எம்.ஏ. தமிழில் சேர்ந்தார். ஒன்றரை ஏக்கர் தேயிலை, வீட்டில் மாமியார், கோவையில் பொறியியல் படிக்கும் மகன், "இந்த வயசுல எதுக்கு" என்று கேட்காத நாளில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விடும் கணவர். முதல் செமஸ்டர் தேறிவிட்டது. இரண்டாவதில் இரண்டு அரியர்: தொல்காப்பியம், சங்க இலக்கியம். இன்னும் மூன்று வாரத்தில் இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது. "மேடம், எனக்கு ஞாபக சக்தி சுத்தமாகப் போய்விட்டது. ராத்திரி படித்தது காலையில் இல்லை. வீட்டில் படுகு மொழி பேசுகிறேன், பரீட்சையில் தமிழ் நடை வரவில்லை. 21 வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார வெட்கமாக இருக்கிறது. மாமியார் தினமும் வல்லாரைத் துவையல் அரைத்துத் தருகிறார். ஞாபகத்துக்கு மாத்திரை ஏதாவது உண்டா, இல்லை நிறுத்திவிடலாமா, தொடர்வதாக இருந்தால் இந்த மூன்று வாரத்தில் எப்படித் தயாராவது?" என்பது கேள்வி. கடைசியில், கையெழுத்துக்கு மேலே, போகிற போக்கில் ஒரு வரி: "தொல்காப்பியத்தில் 31, சங்க இலக்கியத்தில் 34, இரண்டிலும் நேரம் பத்தவில்லை, முதல் கேள்வியையே முக்கால் மணி நேரம் எழுதிவிட்டேன்."

அன்புள்ள அம்மா,

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உண்மையான தகவல் அங்கேதான் இருக்கிறது. மேலே உள்ள மூன்று பக்கமும் பயம். பயத்தைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அது உண்டு, ஆனால் பயத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம், 31க்குப் பதில் சொல்வது சுலபம்.

நான் 26 வருடம் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்தேன், அதில் பாதிக்கு மேல் ஒவ்வொரு செமஸ்டரும் விடைத்தாள் திருத்தப் போயிருக்கிறேன், ஓய்வுக்குப் பிறகு இப்போது படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கும் ஆலோசனை சொல்கிறேன். திருத்துகிற மேசையில் உட்கார்ந்தவருக்கு ஒன்று தெரியும், எழுதுகிறவருக்குத் தெரியாது. எழுதப்படாத கேள்விக்குப் போடுவதற்கு எங்களிடம் பூஜ்யத்தைத் தவிர எதுவும் கிடையாது. அரைகுறையாக எழுதியிருந்தால்கூட ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்று, நான்கு போடலாம், வெறும் தாளுக்குப் போட முடியாது.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். நம் பக்கத்து முதுகலைத் தாள் பெரும்பாலும் 75 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 5, எட்டு மதிப்பெண்ணில் 5. உங்களுடையதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், பழைய வினாத்தாளை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேற 38 வேண்டும். தொல்காப்பியத்தில் எத்தனை கட்டுரை விட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் முதல் கேள்விக்கு முக்கால் மணி நேரம் போயிருந்தால் இரண்டு விட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு கட்டுரை என்றால் 16 மதிப்பெண். அதில் பாதி தெரிந்திருந்தாலே 8. 31உம் 8உம் 39. சங்க இலக்கியத்தில் ஒன்றே ஒன்று விட்டிருந்தாலும் பாதிக்கு 4, மொத்தம் 38. இரண்டு தாளிலும் நீங்கள் தோற்கவில்லை, எழுதி முடிக்கவில்லை, அவ்வளவுதான். எழுதியதற்கு வந்த மதிப்பெண்ணைப் பாருங்கள், எழுதிய மூன்று கட்டுரையில் நல்ல மதிப்பெண் வராமல் 31 வந்திருக்காது. ஞாபகம் போனவர் எழுதுகிற தாள் வேறு மாதிரி இருக்கும், அதையும் நிறைய திருத்தியிருக்கிறேன்: எல்லாக் கேள்விக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் சம்பந்தமில்லாத ஐந்து வரி இருக்கும்.

ஒரு தாள் இன்னும் நினைவிருக்கிறது. முதல் விடை மட்டும் ஒன்பது பக்கம். முத்து முத்தான எழுத்து, அடிக்கோடு, பத்தி பிரித்து, மேற்கோள் தனியாக, படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. எட்டுக்கு ஏழு போட்டேன். அதற்கு மேல் எட்டைத் தாண்ட எனக்கு அதிகாரம் இல்லை. பக்கத்தைத் திருப்பினால் இரண்டாவது விடை ஆறு பக்கம், மூன்றாவது இரண்டு பக்கம், நான்காவதில் தலைப்பு மட்டும், ஐந்தாவது இல்லை. அந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும், மைப் பேனாவும் மைக்கூடும் வைத்து எழுதிப் பழகிய காலத்து ஆள் என்று. அந்தத் தாள் தேறவில்லை.

அதனால் என் பதில் ஒன்றுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவது. உங்களுக்குப் போனது ஞாபகம் என்று நினைக்கிறீர்கள், போனது கை. 23 வருடமாக நீங்கள் எழுதியது என்ன? பால் கணக்கு, ரேஷன் படிவம், மகனுடைய நோட்டு அட்டையில் பெயர், இலை ஏஜென்ட் கொடுக்கும் சீட்டில் கையெழுத்து. வாட்ஸ்ஆப்பில் விரலால் தட்டுவது எழுத்துக் கணக்கில் வராது. அப்படிப்பட்ட கையைத் திடீரென்று மூன்று மணி நேரம் நிற்காமல் எழுதச் சொன்னால் அது 40 நிமிடத்தில் வலிக்கும், வலிக்கிற கை மெதுவாகும், மெதுவாக எழுதும்போது மனசு முன்னால் ஓடிப் போய்க் காத்திருந்து, காத்திருக்கும் நேரத்தில் அடுத்த வரியை மறக்கும். அதைத்தான் நீங்கள் ஞாபகம் இல்லை என்கிறீர்கள்.

இன்னொரு விஷயம், இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இலை எடுப்பது எந்த விரலால்? கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். பேனா பிடிப்பது? அதே இரண்டு. பகலெல்லாம் கொழுந்து கிள்ளிய கையை ராத்திரி ஒன்பது மணிக்குப் பேனா பிடிக்கச் சொல்கிறீர்கள். அது முடியாது என்று சொன்னால் அதன் பேரில் தப்பில்லை. இலை எடுக்கிற நாளில் எழுத்து வேலை காலையில், தோட்டத்துக்கு இறங்கும் முன். ராத்திரி வாசிப்பு மட்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள், வேறு கால அட்டவணை எதுவும் போட வேண்டாம். கலர் பென்சிலில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டும் அட்டவணை எனக்குப் பிடிக்காது, நான் பார்த்த வரையில் அதை வரைந்தவர்கள் வரைந்ததோடு திருப்தியாகிவிடுகிறார்கள்.

இந்த மூன்று வாரத்துக்கு வேலை இது. முதல் வாரம் தினமும் 20 நிமிடம், கடிகாரம் எதிரே. புதிதாக எதையும் படிக்க வேண்டாம், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எழுதுங்கள், குறிஞ்சித் திணையின் முதல், கரு, உரி போதும், புத்தகத்தைப் பார்த்துக் காப்பி எடுத்தாலும் பரவாயில்லை. 20 நிமிடத்தில் எத்தனை பக்கம் என்று மட்டும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். இரண்டாவது வாரம் 40 நிமிடம். மூன்றாவது வாரம் பழைய வினாத்தாளில் பாதி, ஒன்றரை மணி நேரம், பார்க்காமல். கல்லூரி தொடங்கிய பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுத்தாள், மூன்று மணி நேரம், நடுவில் எழுந்து பால் பொங்குகிறதா என்று பார்க்காமல். அந்த மூன்று மணி நேரத்துக்குக் கணக்கு: ஒரு மதிப்பெண் கேள்விகள் மொத்தமும் 10 நிமிடம், ஐந்து மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம், எட்டு மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் 21 நிமிடம். கூட்டினால் 165. மீதி 15 நிமிடம் வினாத்தாள் வாசிக்கவும் கடைசியில் எண் சரியாகப் போட்டிருக்கிறோமா என்று பார்க்கவும். 21 நிமிடம் ஆனதும், வாக்கியம் பாதியில் இருந்தாலும் கால் பக்கம் இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். இதுதான் உங்கள் தலைமுறைக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆரம்பித்ததை முடிக்காமல் விடக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். தேர்வு அறையில் அந்த நல்ல குணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

குளிரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், சமவெளியில் இருந்து ஆலோசனை எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். உங்கள் தேர்வு நவம்பரில். ஊட்டியில் நவம்பர்க் காலையில் விரல் விறைத்திருக்கும், முதல் அரை மணி நேரம் எழுத்து கோணலாகவும் மெதுவாகவும்தான் வரும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போங்கள், அறைக்குள் போகும் முன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை ஊட்டி மார்க்கெட்டில் கிடைக்கும், இல்லையென்றால் பழையதை நீங்களே வெட்டிக்கொள்ளலாம். சின்னக் கேள்விகளை முதலில் எழுதி விரலைச் சூடேற்றிக்கொண்டு கட்டுரைக்குப் போங்கள். பேனாவும் அழுத்தாமல் ஓடுகிற பேனாவாக இருக்கட்டும். அழுத்தி எழுதினால்தான் எழுத்து அழகு என்று நமக்கு வாத்தியார்கள் சொன்னார்கள். இப்போது அந்த அழகு தேவையில்லை, படிக்க முடிந்தால் போதும்.

அப்புறம் கண். "ராத்திரி அரை மணி நேரம் படித்தால் தலைவலி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், கவனம் நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி போடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. 44 வயது. நம் பாட்டிமார் வெள்ளெழுத்து என்று சொல்வார்களே, அது 40ஐ ஒட்டித்தான் தொடங்கும், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப் போவதால் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. ஊசியில் நூல் கோக்கும்போது கையைத் தள்ளி வைத்துக் கோக்கிறீர்களா? மொபைலைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் படிக்கிறீர்களா? அப்படியென்றால் மாத்திரையைத் தேட வேண்டாம், கண் பரிசோதனைக்குப் போங்கள். கோத்தகிரி அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், எந்த நாள் கண் டாக்டர் என்று சொல்வார்கள். நடைபாதையில் விற்கும் ரெடிமேட் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள், இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் இருக்கும் என்று கட்டாயம் இல்லை. போர்டையும் பார்க்க வேண்டும், நோட்டையும் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள். வகுப்பு தொடங்கும் முன் வாங்கினால்தான் அதற்குப் பழக நேரம் இருக்கும், முதல் வாரம் படி இறங்கும்போது கால் தடுமாறும். அப்படியே ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் பெண்களுக்குச் சோர்வும் மறதியும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இவை இரண்டும் உண்டு, மாதவிலக்கு ஒழுங்கு மாறிக்கொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஞாபகத்துக்கு மாத்திரை கேட்டீர்களே, பதில் இல்லை என்பதுதான். வல்லாரைத் துவையலைச் சாப்பிடுங்கள், மாமியார் அரைத்தது, நன்றாக இருக்கும்.

சரி, படிப்பு எப்படி மனதில் நிற்கும் என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு வெளியே போக வேண்டாம். பி.ஏ.வில் நன்னூல் படித்திருப்பீர்கள். பவணந்தி முனிவர் பாயிரத்தில் மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில் ஒரு கணக்குப் போடுகிறார், நினைவிருக்கிறதா? ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, நீங்கள் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லும்போது. எட்டு நூற்றாண்டு பழைய சூத்திரம், நான் வகுப்பில் 26 வருடம் நடத்தினேன், அது உண்மை என்று எனக்குப் புரிந்ததே நான் நடத்தியதால்தான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வகுப்பில் கேட்கிறீர்கள், வந்து தனியாக ராத்திரியில் வாசிக்கிறீர்கள். முதல் கால் பங்கையே திருப்பித் திருப்பிப் பெருக்குகிறீர்கள். அது காலாகவேதான் இருக்கும்.

அரைப் பங்குக்கு உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார். மாமியாருக்குச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். குறிஞ்சிப் பாட்டுகளில் தினைப்புனம் காக்கிறார்கள், பரண் மேல் உட்கார்ந்து கிளி ஓட்டுகிறார்கள், பன்றி வந்து மேய்கிறது. தேயிலை எல்லா மேட்டையும் மூடும் முன் ஹட்டியைச் சுற்றி ராகியும் சாமையும் போட்ட காலத்தைப் பார்த்தவர் அவர், அல்லது பார்த்தவர் வாயால் கேட்டவர். பேராசிரியர் போர்டில் எழுதிப் போட்டதைவிட அவருக்கு அந்தக் காவல் தெரியும். அவருக்குப் படுகில் சொல்லுங்கள். இங்கேதான் உங்கள் இன்னொரு பயத்துக்கும் பதில் இருக்கிறது. படுகு பேசுவதால் தமிழ் நடை வரவில்லை என்கிறீர்கள். ஒரு பாட்டைத் தமிழில் வாசித்து, புரிந்துகொண்டு, படுகில் சொல்லி, மறுநாள் காலை அதைத் தமிழில் எழுதும்போது உரையாசிரியருடைய வாக்கியம் வராது, உங்களுடைய வாக்கியம் வரும். திருத்துகிறவர்கள் கைடு வாக்கியத்தை மூன்றாவது தாளிலேயே அடையாளம் கண்டுபிடித்துவிடுவோம், ஒரே கைடிலிருந்து நாற்பது பேர் எழுதியிருப்பார்கள். நடுவில் ஒரு தாளில் சொந்த வாக்கியம் வந்தால் நிமிர்ந்து உட்கார்வோம். நீளமான வாக்கியம் வேண்டாம். எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி.

தொல்காப்பியத்துக்கு மாமியார் உதவ மாட்டார். அதற்குச் சூத்திரத்தை வாய்விட்டுப் படித்து மொபைலில் உங்கள் குரலிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், போக வர தினமும் இரண்டரை மணி நேரமாவது பஸ்ஸில் இருப்பீர்கள், அந்த வளைவுகளில் புத்தகத்தைப் பிரித்தால் வாந்திதான் வரும். காதில் கேட்கலாம். இன்று கேட்ட சூத்திரத்தை நாளை, பிறகு மூன்று நாள் விட்டு, பிறகு ஒரு வாரம் விட்டு. ஒரே நாளில் பத்து முறை கேட்பதைவிட இடைவெளி விட்டு நான்கு முறை கேட்பது அதிக நாள் நிற்கும். மூலமும் உரையும் தேடி அலைய வேண்டாம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் மூலநூல்கள் நிறைய உண்டு. நீங்கள் பி.ஏ. படித்தபோது நூலகத்தில் ஒரே ஒரு உரைப் பிரதி இருந்து அதற்கு வரிசையில் நின்றிருப்பீர்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அது தெரியாது.

பிள்ளைகள் என்றதும் வெட்கம் பற்றிச் சொல்ல வேண்டும். நன்னூல் கணக்கில் கால் பங்கு அவர்களிடம் இருக்கிறது, அதனால் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தால் கால்வாசி மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரோடும் பழக வேண்டாம், உங்கள் பஸ்ஸில் வருகிற ஒரு பெண் போதும். கட்டபெட்டுவிலோ கோத்தகிரியிலோ ஏறுகிற ஒருத்தி இருப்பாள். அவளுக்கு நோட்ஸை ஸ்கேன் செய்யத் தெரியும், கல்லூரி குரூப்பில் வரும் செய்தியில் எது முக்கியம், எது மீம்ஸ் என்று தெரியும், எந்த நாளில் இன்டர்னல் என்று தெரியும். உங்களிடம் அவளுக்குக் கொடுக்கவும் இருக்கும், சங்கப் பாட்டில் தலைவி கவலைப்படுவதை 21 வயதில் படித்தபோது எனக்கும் ஒன்றும் புரியவில்லை. "ஆன்ட்டி" என்று கூப்பிட்டால் முதல் நாளே "அக்கான்னு கூப்பிடு" என்று சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் அதைப் பெரிதாக்க வேண்டாம். உங்களைவிடப் பத்து வயது சின்னவரான விரிவுரையாளரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சார்தான், மேடம்தான். வயது வெளியே. அவருக்கும் உங்களைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும், நானே என் முதல் வருடத்தில் என் அம்மா வயது மாணவி ஒருவரைப் பார்த்துக் கேள்வி கேட்காமலே இரண்டு மாதம் ஓட்டினேன்.

வருகைப் பதிவை இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள், இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீதம் வேண்டும், அதாவது 22 நாள் உங்கள் கையில். கேட்பதற்கு நிறைய மாதிரி இருக்கும். இலை எடுப்பு 15 நாளுக்கு ஒரு சுற்று என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு நாள் லீவு போட்டாலே 22இல் முக்கால்வாசி போய்விடும். ஹட்டியில் ஒரு சாவு என்றால் போகாமல் இருக்க முடியாது, போகவும் வேண்டும், நான் அதற்கு எதிராகப் பேச மாட்டேன். கல்யாணம் வரும். உடம்பு சரியில்லாத நாள் வரும். அதனால் இலைக்கு ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள், சாவுக்கும் உடம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலை அதிகம், உங்கள் தேர்வும் அங்கேயே வருகிறது. அந்தச் சுற்றுகளுக்கு இப்போதே ஆள் பேசி வையுங்கள், கூலி போக மிச்சம் குறையும், அது உங்கள் படிப்புச் செலவு என்று கணக்கில் எழுதுங்கள். மலைக்கும் 2024இல் மகளிர் இலவசப் பயணம் வந்துவிட்டது, எந்தெந்த பஸ்ஸில் செல்லும் என்று கண்டக்டரிடம் கேட்டு, மிச்சப்படும் டிக்கெட் காசை ஆள் கூலிக்கு வைக்கலாம்.

நவம்பர் மழையையும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேர்வு வாரத்தில் மழை எச்சரிக்கை வந்தால் முதல் நாளே ஊட்டியில் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். ஊட்டியில் உறவினர் இல்லாத படுகர் வீடு இருக்காது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்காரரைப் பற்றி நான்கு வரி எழுதி, பிறகு இரண்டு வரியை அடித்திருக்கிறீர்கள். அடித்ததையும் படித்தேன், பேனா மை வெளிச்சத்தில் தெரிகிறது. "எதுக்கு" என்று கேட்கிறவரிடம் படிப்பின் அருமையைப் பேசிப் பயன் இல்லை, நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். அவருக்குத் தெரிய வேண்டியது நேரம் மட்டும். காலை ஐந்து முதல் ஆறரை வரை நான் அடுப்படியில் இல்லை, டீயை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஒரு மணி வரை கதவு சாத்தியிருக்கும். இவ்வளவுதான். காரணம் சொல்லாமல், மன்னிப்புக் கேட்காமல், நல்ல மனநிலையில் இருக்கும்போது ஒருமுறை சொல்லுங்கள், பிறகு அதன்படி நடங்கள். முதல் வாரம் முகம் தூக்குவார். மழையில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விடுகிற மனுஷர், மூன்றாவது வாரம் டீ போட்டு உங்களுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். கொண்டுவராவிட்டாலும் ஐந்து மணி உங்களுடையதுதான்.

எதற்கு என்ற கேள்வியை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தகவல் மட்டும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது, ஆராய்ச்சி உதவித்தொகைக்குத்தான் உண்டு. அதை எழுதுவதா வேண்டாமா என்பதை நான்காவது செமஸ்டர் முடிந்த பிறகு யோசிக்கலாம், இப்போது அதைத் தலையில் ஏற்ற வேண்டாம். நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். ஏழு மதிப்பெண்ணுக்கும் நான்கு மதிப்பெண்ணுக்கும் நிறுத்துவது என்றால், நானே கோபப்படுவேன்.

கடைசியாக ஒன்று, இதை மறந்தால் மேலே எழுதிய எல்லாம் வீண். அரியர் தாளுக்கு நீங்களாகத் தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும், நடப்பு செமஸ்டர் கட்டணம் கட்டியதும் அதுவும் சேர்ந்துவிட்டது என்று நினைத்துத் தவறவிட்டவர்கள் ஒவ்வொரு வருடமும் என்னிடம் வந்து அழுகிறார்கள். கல்லூரி திறந்த முதல் வாரமே அலுவலகத்தில் கேட்டு, கடைசித் தேதியை நாள்காட்டியில் பெரிதாக எழுதுங்கள், பஸ் தோழியிடமும் சொல்லி வையுங்கள், இரண்டு அரியரையும் நவம்பரிலேயே எழுதிவிடுங்கள், அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் நான்காவது செமஸ்டரோடு மோதும்.

நாளைக் காலையே 20 நிமிடம் எழுதிப் பாருங்கள். எழுதியதை அனுப்ப வேண்டாம். எத்தனை பக்கம் வந்தது, எந்த நிமிடத்தில் கை வலிக்க ஆரம்பித்தது, இந்த இரண்டை மட்டும் ஒரு கார்டில் போட்டு அனுப்புங்கள். செப்டம்பரில் இன்னொரு கார்டு.